மறுபடி முளைத்த கொடுக்கு

அட்டவணை சொன்னபடி ஒன்பதே காலுக்குக்
கடல் விலகிற்று.
யோஜா விரிகுடா முழுக்கச் சேறு,
செதிலுரித்த மீனின் விலாப்போல.

மாவட்ட அலுவலகம் என்னை அனுப்பியிருந்தது,
இரண்டு ஊர்ச் சங்கங்களுக்கு நடுவே
ஒரு கோடு போட.
தோளில் செயற்கைக்கோளோடு பேசும் கருவி.
மார்பு வரை ரப்பர் கால்சட்டை.
ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது.

வரப்பு என்றால் அங்கே மூங்கில் கழி.
நாற்பத்திரண்டாம் கழி சாய்ந்தது தானாகவா,
சாய்க்கப்பட்டதா என்பதில்
ஓக்சிம்முக்கும் பொங்ரியேவுக்கும்
பத்தொன்பது வருஷமாகப் பேச்சில்லை.
ஏச்சு உண்டு.
ஒரு முழங்காலைப் பலகையில் ஊன்றி
மறுகாலால் சேற்றை உதைத்து
எதிரெதிர்த் திசையிலிருந்து வழுக்கி வந்தார்கள்,
சிப்பி வாளி முன்னே, வசவு பின்னே.

அவர்கள் வந்துசேரும் வரை
எனக்குப் பார்க்க நண்டுகள்தாம்.

பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளி
அலவன் ஒன்று வெள்ளைக் கொடுக்கைத் தூக்கியது.
உடம்பைவிடக் கனமான கொடுக்கு.
அள்ளவும் ஊட்டவும் உதவாது;
அதற்கெல்லாம் மறுபக்கத்துச் சின்னக் கை.
பெரிய கை
இது என் வளை என்று சொல்ல மட்டும்.

கொழுத்த நண்டு வளையில் தங்காது என்பார்கள்.
அப்போது வந்தவன் கொழுத்தவன்,
வளையே இல்லாதவன்.
கொடுக்கோடு கொடுக்கு உரசியது.
பிறகு கோத்தது. பிறகு முறுக்கல்.
நகம் வெட்டும் சத்தம்போல ஒன்று கேட்டது.
வீட்டுக்காரன் பின்வாங்கினான், பாதி உடம்பு வளைக்குள்.

அப்போதுதான் பக்கத்து வளைக்காரன்
தன் வாசலை விட்டு வெளியே வந்தான்.
காலையிலிருந்து நான் பார்க்க
நாலு தடவை இவனை மிரட்டியவன் அவன்.
நேரே போய் வந்தவனைத் தள்ளினான்,
தள்ளிக்கொண்டே போனான்,
திரும்பி வந்தான்,
வந்த கையோடு வீட்டுக்காரனிடமும்
ஒருமுறை கொடுக்கை ஓங்கிவிட்டு
உள்ளே போனான்.

அன்பா என்றால், இல்லை.
புதியவன் குடிவந்தால்
எல்லையை முதலிலிருந்து பேச வேண்டும்.

பத்து இருபதுக்குக் கருவி செத்தது.
சேற்றுநீர் உள்ளே போயிருக்க வேண்டும்.
திரையில் ஒரு கருப்பு, அதில் என் மூக்கு.
நான் சொல்லவில்லை.
தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு
கழியைச் சுற்றி நடந்தேன்.
இரண்டு பெண்களும் வாயை மூடினார்கள்.
முப்பது வருஷ வேலையில்
அப்படியொரு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

ஓக்சிம் குனிந்தாள்.
தோற்கவிருந்த அந்த நண்டை
முதுகோடு பிடித்து எடுத்தாள்.
கொடுக்கைக் கட்டைவிரலால் தடவினாள்.

"இது ஒடிந்து மறுபடி முளைத்தது.
நீளம் அதே நீளம்.
உள்ளே சதை கிடையாது, ஓரத்தில் பல்லும் கிடையாது.
தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது.
இப்படியே காலத்தை ஓட்டிவிடும்,
யாராவது கோத்துப் பார்க்கிற வரை."

சொல்லும்போது அவள் நண்டைப் பார்க்கவில்லை.
என் கையிலிருந்த கருப்புத் திரையைப் பார்த்தாள்.
பொங்ரியேயும் பார்த்தாள்.
காற்று என் காதுகளை மட்டும் சுட்டது.

இருவரில் யார் முதலில் சிரித்தது என்று
இப்போதும் எனக்குத் தெரியாது.

"கழி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.
எழுதிக்கொள்" என்றாள் பொங்ரியே.
"சாய்ந்தபடியே" என்றாள் ஓக்சிம்.
எழுதினேன்:
அளக்கப்பட்டது. இரு தரப்பும் சம்மதம்.
அந்த முத்திரைக்கு மட்டும்
ஈரம் எதுவும் ஆகியிருக்கவில்லை.

ஒன்றரைக்குக் கடல் திரும்பத் தொடங்கியது.
நண்டுகள் ஆளுக்கொரு சேற்றுருண்டை இழுத்து
உள்ளிருந்தபடி வாசலை அடைத்துக்கொண்டன.
பல்லில்லாதவனும்.

நான் கரையேறிக் கால்சட்டையைக் கழற்றும்போது
பின்னால் குரல்கள் கேட்டன.
நாற்பத்து மூன்றாம் கழி.